நான்கு வண்ணங்களில் ஒரு முகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் கற்க வருகிறவர்களிடம் முதலில் நான்கே நான்கு வண்ணக் குழாய்களைத்தான் கொடுப்பேன். மற்றவை பெட்டியில் இருக்கட்டும் என்று சொன்னதும் கேள்விகள் தொடங்கிவிடும். ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் பெரும்பாலும் அவையேதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

அந்த நான்கு வண்ணங்கள் எவை? ஏன் அவை மட்டும்?

டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், காட்மியம் ரெட் லைட், ஐவரி பிளாக். அதாவது வெள்ளை, மஞ்சள் காவி, ஆரஞ்சை நோக்கிச் சாயும் சிவப்பு, கறுப்பு. இந்தக் கூட்டணியை ஓவியர்கள் 'ஸோர்ன் பாலெட்', அதாவது ஸோர்னின் வண்ணத்தட்டு, என்று அழைக்கிறார்கள். ஆன்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) சுவீடன் நாட்டு ஓவியர். 1896இல் அவர் தீட்டிய தன்னுருவப் படம் ஒன்று ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் கையில் ஏந்தியிருக்கும் வண்ணத்தட்டில் இந்த நான்கும்தான் தெரிகின்றன. அவர் காலத்து வெள்ளை ஈயத்தாலும், சிவப்பான வெர்மிலியன் பாதரசத்தாலும் ஆனவை. இரண்டும் நஞ்சு என்பதால் இன்று டைட்டானியமும் காட்மியமும் அவற்றின் இடத்துக்கு வந்துவிட்டன.

யோசனை ஸோர்னுக்கும் முந்தியது. அப்பெல்லஸ் முதலான கிரேக்க ஓவியர்கள் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்னும் நான்கைக் கொண்டே பெரும் படைப்புகளை உருவாக்கினார்கள் என்று முதலாம் நூற்றாண்டு ரோமானியரான மூத்த பிளினி எழுதியிருக்கிறார். காரணம் எளிது. உலகில் எந்த மனிதத் தோலை எடுத்தாலும் அது அடிப்படையில் ஆரஞ்சு வண்ணத்தின் ஏதோ ஒரு நிலை: வெளிறியது, அடர்ந்தது, மங்கியது, கருத்தது. சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சைத் தரும். வெள்ளையும் கறுப்பும் அதை ஏற்றி இறக்கும்.

நீலமே இல்லையே, சார். நீலம் இல்லாமல் எப்படிப் படம் போடுவது?

ஐவரி பிளாக்தான் இங்கே நீலம். அதில் வெள்ளையைக் கலந்தால் வருவது நடுநிலையான சாம்பல் அன்று. லேசாக நீலத்தை நோக்கிச் சாய்ந்த சாம்பல். மஞ்சள் காவியில் இதே கறுப்பைச் சேர்த்துப் பாருங்கள், ஆலிவ் பச்சை வரும். 

மீதி வேலையை நம் கண் செய்துகொள்கிறது. பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை என்ற புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்து நெய்யப்படும் வண்ணம்தான் கறுப்பின் தோற்றத்தை மாற்றுகிறது என்று அவர் கண்டறிந்து 1839இல் நூலாக வெளியிட்டார். அதையே நீங்கள் செய்து பார்க்கலாம். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலில் ஒரு தீற்றலை வெள்ளைத்தாளின்மேலும், இன்னொன்றைச் சிவப்பும் மஞ்சளும் கலந்த ஆரஞ்சின் நடுவிலும் வையுங்கள். முதலாவது சாம்பலாகவே நிற்கும். இரண்டாவது நீலமாகத் தெரியும். மீசை மழித்த மேலுதடு, கண்ணுக்குக் கீழுள்ள குழி, கண்ணின் வெண்பகுதி ஆகியவற்றுக்கு வேண்டிய நீலம் இவ்வளவுதான்.

எப்போதும் 'டோன் பார்' என்கிறீர்கள். நிறத்துக்கும் டோனுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பது மட்டுமே டோன். அது சிவப்பா, பச்சையா என்பது வேறு விஷயம். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் உங்கள் பாட்டியைக் கண்டுகொள்ள உங்களுக்கு நிறம் தேவைப்படவில்லை. ஒருவரின் சாயல் முழுக்க வெளிச்சமும் இருட்டும் அமர்ந்திருக்கும் விதத்திலேயே இருக்கிறது. டோன் சரியாக இருந்தால் நிறம் தப்பினாலும் அவர் அவராகவே இருப்பார். டோன் தப்பினால் எத்தனை அழகான நிறமும் காப்பாற்றாது. நான்கு வண்ணங்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதே இதற்காகத்தான். தேர்ந்தெடுக்க நிறங்கள் குறையும்போது கண் தானாக வெளிச்சத்தை அளக்கத் தொடங்குகிறது.

முதல் பயிற்சி: கறுப்பிலிருந்து வெள்ளைவரை ஒன்பது படிகளாகச் சாம்பல் கட்டங்களைத் தீட்டுங்கள். பிறகு குழாயிலிருந்து வந்தபடியே சிவப்பையும் காவியையும் எந்தப் படியோடு பொருந்துகின்றன என்று வைத்துப் பாருங்கள். மஞ்சள் காவி நடுவுக்குச் சற்று மேலே உட்காரும். சிவப்பு ஏறக்குறைய நடுவில், சில சமயம் அதற்கும் கீழே நிற்கும். சிவப்பு கண்ணைப் பறிப்பதால் அதை வெளிச்சம் என்று எண்ணிக் கன்னத்தில் அப்படியே வைத்துவிடுகிறார்கள். கன்னம் அங்கே குழி விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது.

கடையில் மூன்று விதக் கறுப்பு காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

ஐவரி பிளாக். மார்ஸ் பிளாக் மிகவும் வலுவானது. ஒரு துளி பட்டாலும் மற்ற வண்ணங்களை விழுங்கிவிடும். லாம்ப் பிளாக்கும் அப்படித்தான். ஐவரி பிளாக் மென்மையானது, சற்று ஊடுருவித் தெரியக்கூடியது. அதனால் கலவையில் அடங்கிப் போகும். ஒரு காலத்தில் யானைத் தந்தத்தை எரித்து எடுத்தார்கள், இன்று அது விலங்கு எலும்புக் கரி. அது வேண்டாம் என்கிறவர்கள் மார்ஸ் பிளாக்கை மிகக் குறைவாகத் தொட்டுப் பயன்படுத்தலாம்.

சிவப்புக் குழாயில் 'ஹ்யூ' என்று சேர்த்து அச்சிட்டிருந்தால் உள்ளே காட்மியம் இருக்காது; அதே சாயலில் வேறு நிறமி இருக்கும். பழகுவதற்கு அது போதும், விலையும் குறைவு. வெள்ளையில் மட்டும் ஸிங்க் ஒயிட்டைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணெயோடு சேர்ந்த ஸிங்க் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை பெற்று வெடிக்கிறது. வெள்ளைக் குழாயைப் பெரிதாக வாங்குங்கள். மற்ற மூன்றைவிட வேகமாகத் தீரும்.

வெள்ளைக் கான்வாஸிலேயே தொடங்கலாமா?

வேண்டாம். பளீரென்ற வெள்ளையின்மேல் எந்த வண்ணத்தை வைத்தாலும் இருட்டாகத் தெரியும். பயந்துபோய் எல்லாவற்றையும் வெளிறலாகக் கலப்பீர்கள். கான்வாஸ் முழுதும் மூடியபிறகு படத்தில் எங்கும் ஆழம் இருக்காது.

ஒன்பது படிகளில் நடுப்படிக்கு இணையான சாம்பலை, துளி காவி சேர்த்து, மெல்லியதாக முழுப் பரப்பிலும் பூசிக் காயவிடுங்கள். அவசரமென்றால் இந்த அடிப்பூச்சுக்கு மட்டும் அக்ரிலிக் எடுத்துக்கொள்ளலாம், அரை மணியில் காய்ந்துவிடும். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெயின்மேல் அக்ரிலிக் நிற்காது.

எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? கண்ணிலிருந்தா?

கண் கடைசியில் வரட்டும். முதலில் வெளிச்சத்தை ஒழுங்கு செய்யுங்கள். ஒரே ஒரு ஜன்னல் அல்லது ஒரே ஒரு விளக்கு, தலைக்கு மேலே பக்கவாட்டில், சுமார் 45 பாகைச் சாய்வில் இருக்கட்டும். கூடத்தின் குழல்விளக்கும் ஜன்னலும் சேர்ந்து அடித்தால் முகத்தில் நிழலே விழாது. நிழல் இல்லாத முகத்தை டோனில் வரைய முடியாது.

கரியில் மெல்லிய கோட்டில் தலையின் அளவையும் சாய்வையும் குறியுங்கள். பிறகு கறுப்பு, சிவப்பு, சிறிது காவி சேர்த்த பழுப்பை டர்பன்டைனில் நெகிழ்த்தி, நிழல் முழுவதையும் ஒரே வடிவமாக மூடுங்கள். கண்குழி, மூக்கின் ஓரம், மேலுதடு, தாடைக்குக் கீழ், கழுத்து என்று நிழல் பெரும்பாலும் தொடர்ந்து ஓடும். அதைத் துண்டு துண்டாக வெட்டாதீர்கள். அடுத்து வெளிச்சப் பக்கம் முழுவதையும் ஒரே அரை டோனில் மூடுங்கள். அமெரிக்க உருவப்பட ஓவியர் சார்ஜென்ட்டுக்குப் பாரிஸில் கற்பித்த ஓவியர் கரோலுஸ்-துரான் தம் மாணவர்களை இந்த அரை டோனைத்தான் தேடச் சொன்னார். முகத்தில் அதிக இடத்தை அடைத்திருப்பது உச்ச வெளிச்சமோ அடர்ந்த இருட்டோ அல்ல, இந்த நடுப்பகுதிதான்.

இதற்குமேல் நிழலுக்குள் இன்னொரு படி, வெளிச்சத்துக்குள் இன்னும் இரண்டு படி, ஆக மொத்தம் ஐந்து டோன்கள் போதும். ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: நிழலுக்குள் இருக்கும் மிக வெளிச்சமான இடம்கூட, வெளிச்சத்துக்குள் இருக்கும் மிக இருட்டான இடத்தைவிட இருட்டாகவே இருக்க வேண்டும். தாடைக்கு அடியில் சட்டையிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பார்த்து மயங்கி, அதைக் கன்னத்தளவு வெளிச்சமாக்கிவிடுவது பலரும் செய்வது. முகத்தின் உருண்டை அந்த இடத்தில் உடைந்துபோகும்.

கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்கிறீர்கள். அதற்குப் பதில் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்த்தால் என்ன?

சரிபார்க்க எடுக்கலாம், அளக்க வேண்டாம். கைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். முகத்தைத் தனியாகவும் கான்வாஸைத் தனியாகவும் எடுத்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் வரும். மாதிரியாக உட்கார்ந்திருப்பவரும் கான்வாஸும் ஒரே சட்டகத்துக்குள் வரும்படி ஒரே படமாக எடுத்தால் மட்டுமே ஒப்பிட முடியும்.

கண்ணைச் சுருக்கினால் இமை மயிரின் வழியே வரும் மங்கலில் சிறு விவரங்கள் மறைந்து, பெரிய இருட்டும் பெரிய வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். மாதிரியைச் சுருக்கிய கண்ணாலும், கான்வாஸைத் திறந்த கண்ணாலும் பாருங்கள்.

நான்கே வண்ணம்தான். அப்படியும் எல்லாம் சேறாகிவிடுகிறதே?

சேறு வண்ணங்களின் எண்ணிக்கையால் வருவதில்லை. பெரும்பாலும் தூரிகையால் வருகிறது. நிழலைத் தொட்ட தூரிகை வெளிச்சத்துக்குப் போகக் கூடாது. குறைந்தது இரண்டு தூரிகைகள், இருட்டுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தீற்றலுக்கும் இடையே துணியில் துடையுங்கள்.

அடுத்த காரணம், கான்வாஸின்மேலேயே தேடித் தேடிக் கலப்பது. வரைய உட்காரும் முன்பே தட்டில் கலவையை முடித்துவிடுங்கள். சிவப்பும் காவியும் சேர்த்து ஒரு ஆரஞ்சைப் பாலெட் கத்தியால் கலந்து ஐந்து குவியல்களாகப் பிரியுங்கள். நடுக்குவியலில் துளி கறுப்பு. கீழே உள்ள இரண்டில் படிப்படியாகக் கூடுதல் கறுப்பு. மேலே உள்ள இரண்டில் வெள்ளை. முன்பு சொன்ன ஐந்து டோன்களும் தட்டிலேயே தயாராக இருக்கும். பிறகு கான்வாஸில் வைத்த தீற்றலைத் தொடாமல் விட்டுவிடும் தைரியம் வரும். இதற்கு அரை மணி செலவானாலும் கலந்துவிட்டு உட்காருங்கள். என்னைக் கேட்டால் முழு வேலையில் பாதி இங்கேதான் முடிகிறது.

முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிப் போகிறது. ஏன்?

வெள்ளை வெளிச்சத்தைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. வண்ணத்தின் உயிரைக் குறைத்துக் குளிரவும் வைக்கிறது. டைட்டானியத்துக்கு அந்த வலு மிக அதிகம். ஒரு படி வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளையோடு கூடவே காவியையும் ஒரு துளி சேர்த்து ஏற்றுங்கள். மூக்கு, காது, கன்னம் என்றால் சிவப்பில் ஒரு துளி. கலக்காத வெள்ளை கடைசி நாள்வரை கான்வாஸுக்குப் போக வேண்டாம். உச்ச வெளிச்சம் வைக்கும் அந்த ஓரிரு புள்ளிகளிலும் அதில் சிறிது காவி இருக்கட்டும்.

எங்கள் நிறம் மாநிறம், கருநிறம். இந்த ஐரோப்பிய பாலெட் நமக்குச் சரிவருமா?

நன்றாகவே வரும். சுவீடன் முகத்தைவிடக் கருநிற முகத்துக்கு இது இன்னும் பொருத்தம் என்றே சொல்வேன். சிவப்பும் கறுப்பும் சந்திக்கும் இடத்தில் பிறக்கும் பழுப்புகள் அத்தனை செழுமையானவை. ஆனால் கலக்கும் முறை மாற வேண்டும். வெளிறிய தோல்வண்ணத்தைக் கலந்துவிட்டு அதில் கறுப்பை ஊற்றி இறக்கினால் வருவது சாம்பல், செத்த நிறம். சிவப்பிலும் கறுப்பிலும் தொடங்கி, காவியால் வெளிச்சத்தை நோக்கி ஏறுங்கள். காவியால் ஏற முடிகிறவரை வெள்ளையைத் தொட வேண்டாம். கருந்தோலின் அரை டோன் ஒன்பது படிகளில் மூன்றிலோ நான்கிலோ இருக்கும். வெளிறிய தோலின் நிழல் இருக்கும் இடம் அது. அங்கே வெள்ளைக்கு வேலை குறைவு.

பளபளப்பில்தான் பெரிய வித்தியாசம். தோலின் மேற்பரப்பு கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும் ஒளி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. தோலுக்குள் போய்ச் சிதறி வெளியே வரும் ஒளிதான் கருந்தோலில் குறைவு. ஆகவே அரை டோனுக்கும் உச்ச வெளிச்சத்துக்கும் இடையே உள்ள தூரம் அங்கே அதிகம். நெற்றி, கன்ன மேடு, மூக்கின் முதுகு ஆகிய இடங்களில் வெளிச்சம் கூர்மையாக விழும். ஜன்னல் வழியே வானத்தின் ஒளி வந்தால் அந்த வெளிச்சம் நீலமாகவே இருக்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்த அந்தச் சாம்பல் நீலத்தைத் துணிந்து வையுங்கள். சுற்றியுள்ள செம்பழுப்பு அதை ஒளிர வைக்கும்.

படம் கேட்டு வருகிறவர்கள் 'கொஞ்சம் நிறமாக வரைந்துவிடுங்கள்' என்று சொல்வது உண்டு. அதற்கு இணங்காதீர்கள். டோனைத் தூக்கினால் சாயல் போய்விடும் என்பது தொழில் காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒருவர் முகத்தில் வெளிச்சம் எப்படி விழுந்ததோ அப்படியே அதைப் பார்த்து எழுதுவது அவருக்கு நாம் தரும் மரியாதை. பின்புலத்தை முகத்தைவிட ஒரு படி இருட்டாகவோ, தெளிவாக வெளிச்சமாகவோ வையுங்கள். முகம் எடுப்பாகத் தெரிந்தால் அந்தக் கோரிக்கையே பெரும்பாலும் எழாது.

முகம் முழுக்க ஒரே வண்ணமாக வருகிறது. உயிர் இல்லை.

டோனை மாற்றாமல் சாய்வை மட்டும் மாற்றுங்கள். முகத்தை மூன்று பட்டைகளாகப் பார்க்கலாம். நெற்றியில் எலும்பின்மேல் தோல் மெல்லியதாக இருப்பதால் மஞ்சள் சாய்வு. கன்னம், மூக்கு, காதுகளில் ரத்த ஓட்டம் மிகுந்திருப்பதால் சிவப்புச் சாய்வு. தாடையும் வாயைச் சுற்றிய பகுதியும் சாம்பல், ஆண்களுக்கு மழித்த முடியால் கூடுதலாக. ஐந்து குவியல்களில் ஏதாவது ஒன்றை எடுத்து அதிலேயே துளி காவி, துளி சிவப்பு, துளி சாம்பல் என்று மூன்றாகப் பிரித்தால் போதும். மாநிறத்தில் இந்தப் பட்டைகள் மெல்லியதாகத்தான் தெரியும், மிகைப்படுத்த வேண்டாம்.

நிழலுக்குக் கறுப்பை அப்படியே போடலாமா?

கூடாது. நிழல் என்பது வெளிச்சம் குறைந்த தோல். தோல் அங்கேயும் தோல்தான். கறுப்போடு சிவப்பு கட்டாயம் சேர வேண்டும். தனிக் கறுப்புக்கு உகந்த இடங்கள் மூக்குத் துளையும் கண்பாவையும் என்பார்கள். நான் மூக்குத் துளையிலும் சிவப்புச் சேர்க்கவே சொல்வேன்.

கறுப்பு முடிக்குமா கறுப்பு போடக் கூடாது?

முடியை மயிர் மயிராகப் பார்க்காமல், தலையின்மேல் வைத்த ஒரே கனமான வடிவமாகப் பாருங்கள். அடித்தளம் கறுப்பும் சிறிது சிவப்பும். எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய முடியில் ஒரு பட்டையாக ஒளி ஓடும். அது கறுப்பும் வெள்ளையும் கலந்த குளிர்ந்த சாம்பல், ஒன்பதில் நான்காம் படியைத் தாண்ட வேண்டாம். நரைத்த முடிக்கும் இதே வழிதான், படிகள் மட்டும் மேலே ஏறும்.

நெற்றியோடு முடி சேரும் விளிம்பில் கவனம் தேவை. அங்கே கத்தியால் வெட்டியதுபோல் கோடு விழுந்தால் டோப்பாவாகிவிடும். இரண்டு வண்ணங்களும் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் ஒருமுறை லேசாக இழுத்துவிடுங்கள். நிழல் பக்கத்தில் முடியும் பின்புலமும் ஒரே டோனில் இருந்தால் விளிம்பே இல்லாமல் கரைய விடுங்கள்.

மூக்குத்தி, தங்கத் தோடு, சங்கிலி இதெல்லாம் இந்த நான்கில் வருமா?

தங்க வண்ணம் என்று தனியாக ஒன்றும் வேண்டியதில்லை. பளபளப்பு டோனில் இருக்கிறது. தங்கத்தின் பெரும்பகுதி கறுப்பும் காவியும் கலந்த இருண்ட ஆலிவ் பழுப்பு. அதன் நடுவில் காவி, அதற்குள் துளி சிவப்பு சேர்த்த காவி, கடைசியில் வெள்ளையும் காவியும் சேர்ந்த ஒரே ஒரு தீற்றல். இருட்டும் உச்ச வெளிச்சமும் இடையில் படியில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் அமர்வதுதான் உலோகத்தின் அடையாளம். எல்லாவற்றையும் மஞ்சளாக்கினால் பித்தளையாகக்கூட இருக்காது. வைர மூக்குத்தி ஒரு புள்ளி. அதை முகம் முழுவதும் முடிந்தபிறகு வையுங்கள்.

தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து வண்ணத்தில் வரைய முடியுமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். முடியும், இந்த பாலெட் அதற்கு மிகவும் உகந்தது. ஆனால் அந்தப் புகைப்படத்தை அப்படியே நம்பக் கூடாது. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பைப் பார்க்கும் திறன் இல்லை. ஆகவே உதடு, குங்குமப் பொட்டு, பழுப்புத் தோல் எல்லாம் இருந்ததைவிடக் கறுத்துப் பதிந்திருக்கும். ஸ்டுடியோக்களில் நெகட்டிவின்மேல் பென்சிலால் திருத்திச் சுருக்கங்களை மறைப்பதும் வழக்கத்தில் இருந்தது. அதில் அரை டோன்கள் அழிந்திருக்கும். நிழலுக்குள் விவரமே இல்லாமல் ஒரே கறுப்பாக இருந்தால் அது பிலிமின் எல்லை, தாத்தாவின் முகம் அல்ல.

படத்தைக் கைபேசியில் எடுக்காமல், 600 டிபிஐ அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். கண்ணுக்குள் தெரியும் ஒளிப்புள்ளியும் மூக்கின் நிழலும் விளக்கு எங்கே இருந்தது என்பதைச் சொல்லும். பிறகு அந்தக் குடும்பத்தில் அவர் சாயல் உள்ள மகனையோ பேத்தியையோ அதே கோணத்தில் அதே வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். தோல் நிறம், அரை டோன், காதின் சிவப்பு ஆகியவற்றை உயிருள்ளவரிடமிருந்து எடுங்கள். வடிவத்தையும் அளவையும் புகைப்படத்திலிருந்து எடுங்கள். வீட்டில் மூத்தவர்களிடம் அவருடைய நிறத்தைப் பற்றிக் கேட்பதும் உதவும். 'அத்தையைவிடக் கறுப்பு, சித்தப்பாவைவிட வெளுப்பு' என்பதுபோல் ஒப்பிட்டுச் சொல்வார்கள். ஓவியருக்கு அது நல்ல அளவுகோல்.

காய்ந்தபிறகு இருட்டுப் பகுதிகள் மட்டும் மங்கித் திட்டுத்திட்டாகிவிட்டன. வண்ணம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. மேலடுக்கின் எண்ணெயைக் கீழடுக்கு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. தொட்டால் ஒட்டாத அளவுக்கு நன்றாகக் காய்ந்தபிறகு ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாக அந்த இடத்தில் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் முழுதும் ஒற்றி எடுங்கள். ஆழம் திரும்பிவிடும். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஐவரி பிளாக்குக்கு எண்ணெய் அதிகம் தேவைப்படுவதால் அது மிக மெதுவாகக் காயும். அதனால்தான் முதல் நிழல் பூச்சை மெல்லியதாகப் போடச் சொன்னேன். தடித்த கறுப்பின்மேல் வேகமாகக் காயும் அடுக்கு ஏறினால் பிறகு வெடிக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.

காட்மியம், டர்பன்டைன் எல்லாம் ஆபத்தா? வீட்டில் குழந்தை இருக்கிறது.

காட்மியம் குழைவாக இருக்கும்வரை தோலில் பட்டால் கழுவினால் போதும். சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள், காய்ந்த வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூளாக்காதீர்கள். டர்பன்டைன் நெடிக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இரண்டையும் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

பலருக்கும் தெரியாத ஆபத்து எண்ணெய்த் துணி. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் கூடையில் போட்டால், இறுகும்போது வெளிப்படும் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகவே தீப்பிடிக்கலாம். நம் கோடையில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். துணிகளை வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் உள்ள மூடிய டப்பாவில் போடுங்கள்.

அக்ரிலிக்கிலோ வாட்டர் கலரிலோ இதைச் செய்யலாமா?

செய்யலாம். அக்ரிலிக் காயும்போது ஒரு படி இருட்டாகும் என்பதால் ஒவ்வொரு கலவையையும் சற்று வெளிச்சமாகக் கலக்க வேண்டும். வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாளே; உச்ச வெளிச்சத்தை முதலிலேயே திட்டமிட்டு விட்டுவைக்க வேண்டும். ஸோர்ன் முதலில் பெயர் பெற்றதே வாட்டர் கலரில்தான். எண்ணெய்க்கு வந்தது 1880களின் இறுதியில்.

மாதிரியாக உட்காருபவர் மயில்நீலப் பட்டு உடுத்தி வந்தால்? ஸோர்னே வேறு வண்ணங்கள் வைத்திருந்தாராமே?

வைத்திருந்தார். அவர் விட்டுச்சென்ற குழாய்களில் கோபால்ட் நீலமும் இருந்தது. அவருடைய நிலக்காட்சிகளின் நீருக்கும் புல்லுக்கும் நான்கு வண்ணங்கள் போதாது என்பது படங்களைப் பார்த்தாலே தெரியும். தேவைப்பட்ட இடத்தில் சேர்த்துக்கொண்டார். முகத்துக்கும் உருவத்துக்கும் பெரும்பாலும் தேவைப்படவில்லை.

மயில்நீலத்துக்கு இரண்டு வழிகள். படத்தில் முகமே முக்கியம் என்றால், புடவையை அதன் டோனில் மட்டும் சரியாக வைத்து, கறுப்பு வெள்ளைச் சாம்பலில் துளி காவி சேர்த்துப் பச்சை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். கரையின் ஜரிகைக்குக் காவியும் சிவப்பும் போட்டால் அதன் பக்கத்தில் சாம்பல் நீலப்பச்சையாகவே தெரியும். பட்டின் வண்ணமே படத்தின் காரணம் என்றால் தயங்காமல் ஐந்தாவது குழாயைத் திறங்கள். அல்ட்ராமரைன் போதும், பச்சைச் சாய்வைக் காவி தரும். அப்படித் திறந்தால் அந்த நீலம் புடவையோடு நின்றுவிடக் கூடாது. முடியின் ஒளிப்பட்டையிலும் தாடையின் நிழலிலும் பின்புலத்திலும் கறுப்புக்குப் பதிலாக அதையே சிறிது சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் புடவை மட்டும் படத்திலிருந்து பிய்ந்து தனியாக நிற்கும்.